ஸ்கின்னரும் சிராங்கூன் சாலைக் கிளியும்

சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலையின் ஐந்தடிப் பாதைகளில் நெடுங்காலம் நடந்து வந்த தொழில்களுள் கிளி சோதிடமும் ஒன்று. சோதிடர் கூண்டின் கதவைத் திறப்பார். கிளி வெளியே நடந்து வந்து, அடுக்கிய அட்டைகளை அலகால் ஒதுக்கி ஒதுக்கி, ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுக்கும். நெல்மணியொன்றைக் கூலியாகப் பெற்றுக்கொண்டு தானே கூண்டுக்குள் போய்விடும். 2010ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் காற்பந்தின்போது அச்சாலையைச் சேர்ந்த ‘மணி’ என்னும் கிளி, காலிறுதி ஆட்டங்கள் நான்கிலும் வெல்லும் நாட்டைச் சரியாக எடுத்துக் காட்டி உலகச் செய்தியாயிற்று. இறுதியாட்டத்துக்கு அது எடுத்தது நெதர்லாந்தின் அட்டை, வென்றதோ ஸ்பெயின். நான்கு ஆட்டங்களைக் குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்லிவிடப் பதினாறில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆனால் அப்பொழுது கணக்குப் பார்க்கும் மனநிலையில் யார் இருந்தார்?

இக்காட்சியில் பழக்கப்பட்டவர் இருவர். ஒன்று கிளி, மற்றொருவர் எதிரே அமர்ந்திருக்கும் வாடிக்கையாளர். கிளிக்கு ஒவ்வொரு முறையும் நெல் கிடைக்கிறது. வாடிக்கையாளருக்கோ, சொன்ன பலன் எப்போதோ ஒரு முறை பலிக்கிறது. இவ்விருவருள் பழக்கத்தை எளிதில் விடாதவர் யார் என்னும் வினாவுக்கு அமெரிக்க உளநூலறிஞர் பி. எஃப். ஸ்கின்னர் 1957ஆம் ஆண்டில் விடை தந்தார். சார்லஸ் ஃபெர்ஸ்டருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ‘வலுவூட்டல் முறைகள்’ பற்றிய பெருநூல், புறாக்களைக் கொண்டு செய்த ஆய்வுகளின் தொகுப்பு. தவறாமல் தீனி பெற்ற பறவை, தீனி நின்றதும் விரைவில் ஓய்ந்துவிடும். எப்போதாவது பெற்ற பறவையோ ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும். நான்கு நம்பர் குலுக்கலுக்கு வாரந்தோறும் வரிசையில் நிற்போரைக் கண்டவர்க்கு இது புதிய செய்தி அன்று. எனினும் அளந்து காட்டிய பெருமை ஸ்கின்னருடையது.

அதே 1957இல் அவர் வெளியிட்ட மற்றொரு நூல் ‘வெர்பல் பிஹேவியர்’. சொல்லையும் பேச்சையும் பற்றியது. தமிழாசிரியர் படித்துத் தெளிய வேண்டிய நூல் இதுவே. குறை மிகுந்த நூலும் இதுவே. புறாவுக்குப் பொருந்திய ஆக்கநிலையுறுத்தல் மனிதனின் பேச்சுக்கும் பொருந்தும் என்பது அதன் கோள்.

இந்நூல் தோன்றிய வரலாறு சுவையானது. 1934இல் ஹார்வர்டில் ஒரு விருந்தின்போது, தத்துவ அறிஞர் ஒயிட்ஹெட் ஸ்கின்னரிடம், தாம் அப்போது அங்கே அமர்ந்தபடி, இந்த மேசைமேல் கருந்தேள் எதுவும் விழவில்லை என்று கூறுவதற்குக் காரணம் காட்டுமாறு கேட்டார். மறுநாட் காலையிலேயே ஸ்கின்னர் நூலுக்குத் திட்டம் வரையத் தொடங்கினார். இருபத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின், நூலின் இறுதியில் அவர் தந்த விடை, அக்கருந்தேள் ஒருகால் அவருடைய உளநூற்கொள்கையையே உருவகமாகக் குறித்திருக்கலாம் என்பது. நயமான விடைதான். ஆனால் பேச்சு நிகழ்ந்து முடிந்தபின் அதற்குத் தூண்டல் தேடுவது, கிளி அட்டையை எடுத்தபின் பலன் சொல்வது போன்றதன்றோ?

1959இல் நோம் சாம்ஸ்கி எழுதிய புகழ்பெற்ற மதிப்புரை இவ்விடத்தைத்தான் தாக்கிற்று. ஆய்வுக்கூடத்தில் தூண்டல், துலங்கல், வலுவூட்டல் என்னும் சொற்களுக்கு வரையறுத்த பொருள் உண்டு. பேச்சுக்கு அவற்றை நீட்டும்போது அப்பொருள் கரைந்துவிடுகிறது என்றார் அவர். கிளிக்கு நெல் விழுவதை மூவர் பார்க்கின்றனர் எனக் கொள்வோம். ஒருவர் ‘பாவம்’ என்கிறார். மற்றொருவர் ‘உழைத்த கூலி’ என்கிறார். மூன்றாமவர் வாய் திறக்கவில்லை. கண்ட காட்சி ஒன்றே. எவரை எது தூண்டிற்று என்பது அவர்கள் பேசிய பின்னரே தெரிகிறது என்றால், அங்கே முன்னறிந்து கூறும் அறிவியல் எங்கே இருக்கிறது?

மொழியறிவு பாராட்டாலும் திருத்தத்தாலும் வளர்கிறது என்னும் எண்ணம் ஆசிரியர்க்கு இயல்பாக உவப்பானது. ரோஜர் பிரவுனும் கமில் ஹான்லனும் 1970இல் வெளியிட்ட ஆய்வு அதனை அசைத்தது. பெற்றோர் குழந்தையின் பேச்சை ஏற்பதும் மறுப்பதும் இலக்கணம் பார்த்து அன்று. பெரும்பாலும் உண்மை பார்த்தே என்று அவர்கள் கண்டனர். தமிழ் வீட்டிலும் இதனைக் காணலாம். தெருவில் நாய் வரக் கண்ட குழந்தை ‘நாய் வந்தான்’ என்றால் தாய் ‘ஆமாம்’ என்று மகிழ்கிறாள். திணைவழு அவள் காதில் விழுவதே இல்லை. வந்தது பூனையாயிருக்க, வழுவின்றி ‘நாய் வந்தது’ என்றாலோ ‘இல்லை, அது பூனை’ என்கிறாள். (பெரியவரை ‘வா’ என்றழைத்தால் மட்டும் உடனே திருத்துவாள், அது மரியாதைத் திருத்தம், இலக்கணத் திருத்தம் அன்று.) ஆயினும் அக்குழந்தை சில ஆண்டுகளில் திணை பிறழாமல் பேசுகிறது. எந்த நெல்மணிக்காக?

விலங்குகளிடத்தும் கூலிக்கு எல்லை உண்டு. ஸ்கின்னரிடம் பயின்று, விலங்குகளைப் பழக்குவதையே தொழிலாகக் கொண்ட கெல்லர் பிரீலண்டும் மேரியன் பிரீலண்டும் 1961இல் அதனை ஒளிக்காமல் எழுதினர். மரக்காசைக் கொண்டுபோய் உண்டியலில் இடப் பழக்கிய பன்றிகள், நாளடைவில் காசை மண்ணில் போட்டு மூக்கால் கிளறத் தலைப்பட்டன. தீனி தாமதமாவதையும் அவை பொருட்படுத்தவில்லை. பிறவிக்குணம் பயிற்சியை வென்றது. பரிசு எல்லாவற்றையும் ஆக்கும் என்பார்க்கு மாணாக்கரே தந்த மறுப்பு இது.

ஆயினும் ஸ்கின்னரை இகழ்ந்து ஒதுக்குவது நேர்மையாகாது. சாம்ஸ்கி நூலைச் செவ்வையாகப் படிக்கவில்லை என்று கென்னத் மக்கார்க்கடேல் 1970இல் எழுதிய மறுப்பில் சாரம் உண்டு. பேச்சுக்கு மிட்டாய் தரவேண்டும் என்று ஸ்கின்னர் எங்கும் கூறவில்லை. பிறர் வழியாகப் பயன் விளைவிக்கும் செயலே பேச்சு என்பது அவர் வரையறை. ஐரீன் பெப்பர்பெர்க் வளர்த்த அலெக்ஸ் என்னும் ஆப்பிரிக்கச் சாம்பல்நிறக் கிளி (2007இல் இறந்தது) இதற்கு நல்ல சான்று. பொருளின் பெயரை அது சரியாகச் சொன்னால் தானியம் தரவில்லை, அப்பொருளையே தந்தனர். சாவியைச் சொன்னால் சாவி. சிராங்கூன் சாலைக் கிளிக்கு அட்டையும் நெல்லும் ஒன்றுக்கொன்று உறவில்லாதவை. அலெக்ஸுக்குச் சொல்லும் பரிசும் ஒன்றாயின.

இவ்வேறுபாடு சிங்கப்பூரில் ஏட்டளவில் நிற்பதன்று. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, 5 வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளருள் வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர், 2010இல் அது 3 விழுக்காட்டுக்கு மேலிருந்தது. ஆண்டுதோறும் ஏப்ரலில் நடைபெறும் தமிழ் மொழி விழாவில் மாணவர்க்குப் பேச்சு, நாடகம், விவாதம் எனப் போட்டிகளும் பரிசுகளும் உண்டு. வகுப்பறையிலோ விண்மீன் ஒட்டிகள். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் 1973இல் வெளியிட்ட ஆய்வை இவற்றோடு வைத்துப் பார்த்தல் தகும். வண்ணப் பேனாவால் வரைவதில் முன்பே விருப்பமுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளுள் ஒரு சாரார்க்கு, வரைந்தால் நற்சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. பின்னொரு நாள் சான்றிதழ்ப் பேச்சின்றிப் பேனாக்களை வைத்தபோது, அவர்கள் வரைந்த நேரம் மற்றவர்களுடையதில் ஏறத்தாழப் பாதியே. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற பிள்ளைகளிடம் இக்குறைவு காணப்படவில்லை. பரிசுக்கு எதிராக இவ்வாய்வை எடுத்துக் காட்டுவோர் பின்னதைச் சொல்ல மறந்துவிடுகின்றனர். அன்றியும், முன்பே விருப்பமில்லாத பிள்ளைகளைப் பற்றி அது ஒன்றும் கூறவில்லை.

தமிழில் தண்ணீர் கேட்டாலும் ஆங்கிலத்தில் கேட்டாலும் வீட்டில் தண்ணீர் கிடைக்கிறது. கடையிலும் பேருந்திலும் ஆங்கிலத்துக்கே விடை கிடைக்கிறது. தமிழுக்கு மட்டும் விடை சொல்பவர், ஆங்கிலம் அறியாத பாட்டி ஒருவரே பல வீடுகளில். முறுக்கு வேண்டுமென்றால் அவரிடம் தமிழில்தான் கேட்டாக வேண்டும். கேட்டதைப் பெறுவதால் நிலைபெறும் இவ்வகைப் பேச்சைப் பற்றி ஸ்கின்னர் தம் நூலின் மூன்றாம் இயலில் விரிவாக எழுதியிருக்கிறார். சாம்ஸ்கியின் மதிப்புரையோடு நின்றுவிட்டவர்கள் அவ்வியலைப் புரட்டியும் பார்ப்பதில்லை.