பால் கலவாத தேநீர்

தென்காசிப் பக்கம் பால் ஊற்றாத தேநீருக்குப் பல பெயர்கள். கட்டன், கட்டஞ்சாயா, வரட்டீ, அண்மைக் காலமாக பிளாக் டீ. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை மலையாள நாட்டு நிர்வாகத்தில் இருந்த ஊர். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வண்டியும் அரிசியும் போய்வந்த பாதையில் சாயா என்ற சொல்லும் இறங்கி வந்தது. தமிழ் படித்தவள் என்பதால் இந்தப் பெயர்களை உற்றுப் பார்க்கிறேன். கட்டன் கடுமையைச் சொல்கிறது. வரட்டீ என்பதில் வறட்சி கேட்கிறது. தம்ளருக்குள் இருக்கும் தேயிலையைப் பற்றி இவற்றில் எந்தப் பெயரும் பேசவில்லை. அதற்குள் இல்லாத பாலைப் பற்றித்தான் எல்லாம் பேசுகின்றன.

தமிழில் பால் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது இந்தக் கட்டுரைக்கு வசதி. எங்கள் பக்கத்து வீடுகளில் அரை லிட்டர் பால் எப்படிப் பங்காகிறது என்று பாருங்கள். வேலைக்குப் போகிற ஆணுக்கு முதல் தம்ளர். அடுத்து பிள்ளைகள், வந்த விருந்தாளி. கடைசியில், வடிகட்டியில் ஒட்டிய தூளில் வெந்நீர் விட்டு, வந்ததை அடுப்படியில் நின்றபடியே குடிப்பவள் ஒருத்தி. என் ஆச்சி அப்படித்தான் நாற்பது வருஷம் கட்டன் குடித்தாள். ஏன் ஆச்சி என்று கேட்டால், “ஏட்டி, பாலு எனக்குச் சேராதுட்டி” என்பாள். உடம்புக்கு ஒவ்வாது என்றும் கொள்ளலாம், கைக்கு வந்துசேராது என்றும் கொள்ளலாம். உரையாசிரியர்களிடம் விட்டால் இரண்டையும் காட்டியிருப்பார்கள்.

இன்று அதே பானம் கண்ணாடிக் கோப்பையில், ரசனையின் அடையாளமாக, விலையேறித் திரும்பி வந்திருக்கிறது. கறுப்புத் தேநீரை எப்படி அறிவது, எப்படிச் சுவைப்பது என்று கற்றுத்தர ஆள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் தவறில்லை. கருமை செடியில் கிடையாது; பச்சைத் தேயிலையும் அதே செடிதான். பறித்த கொழுந்தைப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் வாட விடுகிறார்கள். உருட்டும்போது இலையின் செல்கள் உடைகின்றன. உள்ளிருக்கும் நொதி காற்றுப் பட்டு வேலையைத் தொடங்குகிறது. அதில் பிறக்கும் தியாஃபிளேவின் பளிச்சென்ற நிறத்தையும் நாக்கைச் சுண்டும் துடிப்பையும் தருகிறது. தியாரூபிஜின் செம்பழுப்பையும் கனத்தையும் தருகிறது. சரியான நேரத்தில் சூடேற்றி உலர்த்தி அந்த மாற்றத்தை நிறுத்துவதில்தான் ஆலையின் திறமை. அசாமில் 1930 வாக்கில் வந்த சி.டி.சி. எந்திரம் இலையை நசுக்கி, கிழித்து, சிறு மணிகளாகச் சுருட்டியது. நம் டீக்கடை டஸ்ட் அதன் கடைசித் துகள். சட்டென்று சாயம் இறங்கும், பாலைத் தாங்கி நிற்கும். இலை உருக்குலையாத ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்கு நன்றாகக் கொதித்த தண்ணீரில் மூன்று நிமிடம் போதும். விட்டு வைத்தால் நாக்கைப் பிடிக்கும். பாலிலுள்ள கேசீன் என்ற புரதம் அந்தத் துவர்ப்பைப் பற்றிக்கொள்வதால்தான் பால் டீயில் தேயிலை ஒளிந்துகொள்கிறது.

இவ்வளவையும் சொல்லும் ரசனைப் பாடம், வாட விடுவதிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் ஒருத்தி குனிந்து இரண்டு இலை ஒரு மொட்டு என்று கிள்ளியிருக்கிறாள். கொழுந்து பறிப்பது பெண். ஆலைக்குள் வாட்டுவதும் உருட்டுவதும் உலர்த்துவதும் பெரும்பாலும் ஆண். வெள்ளைக் கிண்ணங்களை வரிசையாக வைத்து, கரண்டியால் உறிஞ்சி, நாக்கில் உருட்டித் துப்பித் தரம் சொல்லும் மேசைக்கு வந்தால், அது நெடுங்காலம் ஆணின் இடம். விரல் வேலை அவளுக்கு, நாக்கு வேலை அவனுக்கு. பெண்ணின் விரல் மென்மையானது, கொழுந்துக்கு ஏற்றது என்ற கதை தலைமுறைகளாகச் சொல்லப்படுகிறது. அட்டை கடித்த காலைப் பற்றி அந்தக் கதையில் ஒரு வரி கிடையாது.

துவர் என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். அறுசுவையில் ஒன்று அது. பழைய செய்யுளில் அதுவே சிவப்பும் ஆகும். துவர்வாய் என்று கவிஞர்கள் பெண்ணின் இதழை எத்தனை முறை பாடியிருக்கிறார்கள்! அங்கெல்லாம் துவர் பார்க்கிறவனின் கண்ணுக்கு உரிய நிறம். அந்த வாய் எதைச் சுவைத்தது, எதைத் துப்பியது என்று யாரும் கேட்டதாக என் வாசிப்பில் இல்லை. ஒரு விலக்கு உண்டு: அதியமான் கொடுத்த நெல்லிக்கனி. புளிப்பும் துவர்ப்புமான அதைத் தின்றவள் ஔவை, பாடியவளும் ஔவை. அதனாலேயே அந்தப் பாட்டை வகுப்பில் நடத்தும்போது கொடைச் சிறப்பை விட்டுவிட்டு அவள் வாயைப் பற்றிப் பேசுகிறேன்.

குற்றாலத்தில் உட்கார்ந்து ரசனையைப் பற்றிப் பேசினால் ரசிகமணி டி.கே.சி.யைத் தாண்டிப் போக முடியாது. உரையும் இலக்கணமும் கவிதையை மூச்சடைக்க வைத்திருந்த காலத்தில், அதைக் காதால் கேட்டு நாவால் அனுபவிக்கலாம் என்று சொன்னவர். மாணவிகளை ஒரு பாட்டை இரண்டு முறை வாய்விட்டுப் படிக்கச் சொல்வது அவர் வழிதான். அந்தக் கடனை மறைக்க மாட்டேன். அவர் வீட்டு விருந்தோம்பலைப் பற்றி நண்பர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கங்களில் இலையில் விழுந்த பண்டம் மணக்கிறது, அடுக்களைப் புகை வருவதில்லை. தனிமனிதர்மேல் வைக்கும் குற்றமாக இதைச் சொல்லவில்லை. ரசனை என்று நாம் பெயரிட்ட மரபின் அமைப்பே அப்படி: சுவைக்கிறவர் முன்னறையில், சமைக்கிறவர் பின்கட்டில். இதே ஊரின் குறவஞ்சியில் திரிகூடராசப்பக் கவிராயர் மலைவளம் பாடும் உரிமையைச் சிங்கிக்குக் கொடுத்தார். மலையில் விளைவதை அவள் பெருமையோடு அடுக்குகிறாள். இதே மேற்கு மலைத்தொடரில் தேயிலை வந்தபின் மலையேறிய பெண்ணுக்கு அந்தப் பாட்டு வாய்க்கவில்லை.

அவளைத் தமிழ்க் கதைக்குள் கொண்டுவந்ததில் புதுமைப்பித்தனின் ‘துன்பக் கேணி’ முன்வரிசையில் நிற்கிறது. 1935இல் மணிக்கொடியில் வந்தது. வாசவன்பட்டி மருதி நம் ஜில்லாக்காரி. ஊரில் நிலமும் சாதியும் துரத்த, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள். அங்கே அவள் உடலே துரையின் சொத்துப்போல் ஆகிறது. கதையின் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் மருதிக்குப் படும் உடம்பு இருக்கிறது, சுவைக்கும் வாய் இல்லை. அவள் காலையில் என்ன குடித்தாள்? தான் கிள்ளிய கொழுந்தின் மணம் அவளுக்குப் பிடித்ததா? இரக்கம் இந்தக் கேள்விகளைக் கேட்பதில்லை.

பி.எச். டேனியல் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர். 1969இல் ஆங்கிலத்தில் வந்த அவரது ‘ரெட் டீ’யை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். அதிலும் மனிதர்கள் நம்மவர்கள்: மயிலோடைக் கருப்பனும் வள்ளியும். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே மலையேறுகிறார்கள், சேர்ந்தே அகப்படுகிறார்கள். நாவலின் பலமே அதுதான். 2013இல் பாலா ‘பரதேசி’ எடுத்தபோது நாயகனைத் தனியாக மலைக்கு அனுப்பி, அங்கம்மாவை ஊரிலேயே நிறுத்தினார். கடைசியில் அவள் வந்துசேர்வது அவன் கதறுவதற்காக. வேறு பெண்கள் படத்தில் கொழுந்து பறிக்கிறார்கள், உண்மை. ஆனால் கதையின் நடுவிலிருந்து வள்ளியை எடுத்துவிட்டால் தேயிலைக் கதை ஆணின் ஒப்பாரியாகச் சுருங்கிவிடும். சுருங்கியது.

இவ்வளவும் படித்தபின் தேநீரை எப்படி ரசிப்பது என்று ஒரு மாணவி கேட்டாள். ரத்தம் கலந்தது என்று தள்ளிவிட வேண்டுமா? அந்தக் குற்றவுணர்ச்சியில் எனக்கு நம்பிக்கையில்லை. குடிக்கிறவரின் மனசாட்சியை அது நடுவில் உட்காரவைக்கிறது. பறித்தவள் மறுபடியும் ஓரத்துக்குப் போகிறாள். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடிக்குப்பின் தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். பெண்களும் ஒரு குழந்தையும் அதில் அடக்கம். யாரும் டீ குடிக்கக் கூடாது என்பதற்காக அந்த ஊர்வலம் நடக்கவில்லை. கூலி கேட்டு நடந்தது. 2015 செப்டம்பரில் மூணாறில் போனஸ் பாதியாகக் குறைந்தபோது தெருவில் உட்கார்ந்த பெண்கள், பெரும்பாலும் தமிழ்த் தலித் பெண்கள், சங்கத்து ஆண் தலைவர்களை விலகி நிற்கச் சொன்னார்கள். ‘பொம்பிளை ஒருமை’ என்று பெயர் வைத்துக்கொண்டு 20 சதவீதத்தை வாங்கினார்கள். இலக்கண வகுப்பில் ஒருமை என்றால் ஒற்றை. அவர்கள் அதை ஒற்றுமை என்ற பொருளில் எடுத்தார்கள். பொம்பிளை என்ற சொல்லை, கொச்சை என்று நாங்கள் சிவப்பு மையால் அடிக்கும் சொல்லை, பலகையில் எழுதினார்கள். தேயிலையைப் பற்றி நான் வாசித்த விமர்சனங்களில் ஆகக் கூர்மையானது அந்த இரண்டு சொல்தான்.

ரசனையையும் அப்படித்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. சீசன் மாதங்களில் குற்றாலத்தில், ஈரத்தலையோடு பெண்கள் டீக்கடை முன்னால் நின்று ஊதி ஊதிக் குடிக்கிறார்கள். யாரும் ஒன்றும் நினைப்பதில்லை. சாரலுக்கு அந்தச் சலுகை உண்டு. ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி, தென்காசி பஸ் நிலையத்துப் பக்கம், அதே பெண்கள் பார்சல் வாங்கிப் போகிறார்கள். இரட்டைக் குவளை வைத்துச் சாதி பார்த்த டீக்கடைகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம், எழுதத்தான் வேண்டும். குவளையே நீட்டப்படாத பாதி ஊரைப் பற்றி எழுதியது குறைவு.

கல்லூரி விட்டு வரும் வழியில் நான் நின்று குடிக்கும் கடை ஒன்று உண்டு. கட்டன் என்று சொன்னால் மாஸ்டர் ஏறிட்டுப் பார்ப்பார். “வயித்துக்குச் சரியில்லையா டீச்சர்?” கை அதற்குள் எலுமிச்சம்பழத்தை எடுத்திருக்கும். பெண் தனக்காகக் கட்டன் கேட்டால் அது மருந்தாகத்தான் இருக்க வேண்டும். எலுமிச்சை வேண்டாம் அண்ணாச்சி என்கிறேன், சீனியும் வேண்டாம். டஸ்ட் என்பதால் ஒரு நிமிஷத்துக்கு மேல் ஊறவும் வேண்டாம்.