தகரப் பட்டறையில் பிறந்த சங்கீதம்

உங்கள் வீட்டில் பதினெட்டு வயதில் ஒரு பையனோ பெண்ணோ இருந்தால், கொடியில் காயும் அந்தக் கறுப்பு டி-ஷர்ட்டை ஒருமுறை உற்றுப் பாருங்கள். மண்டை ஓடு, முள்வேலி மாதிரி எழுத்து, எந்தப் பக்கம் திருப்பினாலும் படிக்க முடியாத ஒரு பெயர். அறைக் கதவு சாத்தியிருக்கும். உள்ளேயிருந்து கிரைண்டரில் ஜல்லியைப் போட்டு அரைக்கிற மாதிரி ஒரு சத்தம். 'என்னடா இது?' என்றால், 'மெட்டல்' என்று ஒற்றை வார்த்தையில் பதில் வரும். நீங்களும் தலையில் அடித்துக்கொண்டு சீரியல் பார்க்கப் போய்விடுவீர்கள்.

இந்த வாரம் கொஞ்சம் நில்லுங்கள். அந்தச் சத்தத்துக்கு ஒரு வம்சாவளி இருக்கிறது. தெரிந்துகொண்டால் பாட்டு பிடித்துவிடும் என்று உத்தரவாதம் தரமாட்டேன். ஆனால், திட்டுவதாக இருந்தாலும் விஷயம் தெரிந்து திட்டலாம்.

ஹெவி மெட்டல் பற்றி நம் எல்லோருக்கும் மூன்று அபிப்பிராயங்கள் உண்டு. வேகம், கோபம், சாத்தான். ஆரம்ப காலத்துக்கு இந்த மூன்றுமே பொருந்தாது. ஆரம்பத்தில் அது மெதுவான, பயந்துபோன, சாத்தானைப் பார்த்து ஓடுகிற சங்கீதம். எங்கே ஆரம்பம் என்றால், இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரம், ஆஸ்டன் என்கிற பேட்டை, ஒரு தகரப் பட்டறை. வருஷம் 1965.

டோனி அயோமிக்கு அப்போது பதினேழு வயசு. பகலில் பட்டறை, ராத்திரி கிடார். முழுநேரம் வாசிக்கலாம் என்று தீர்மானித்து வேலையை விட்டுவிட்டான். கடைசி நாள். அன்றைக்கு வராத ஒரு ஆளுக்குப் பதிலாக, பழக்கமில்லாத ஒரு மெஷினில் நிறுத்தினார்கள். வலது கையில் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போயிற்று. அயோமி இடது கைக்காரன். அதாவது, தந்தியை அழுத்தும் கை அவனுக்கு வலது கை. இனி கிடார் கிடையாது என்றார்கள் டாக்டர்கள்.

பட்டறை ஃபோர்மன் ஒரு ரிக்கார்டை எடுத்துக்கொண்டு பையனைப் பார்க்க வந்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்கிற ஜிப்ஸி கிடார் மேதை வாசித்தது. 1928-ல் ஒரு தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல் முடங்கி, மிச்ச விரல்களை வைத்துக்கொண்டு ஐரோப்பாவையே ஆட்டிவைத்தவர். 'இவரால் முடிந்தது' என்று சொல்லாமல் சொன்னார் ஃபோர்மன். உலகத்தில் எங்கோ ஒரு மூலையில் இப்படியும் மேஸ்திரிகள் இருக்கிறார்கள்.

பையன் பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரலுக்குத் தொப்பி மாதிரி செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டான். சாதாரணத் தந்தியை அழுத்த வலித்தது. மெல்லிய தந்தி தேடினான். பாஞ்ஜோ தந்தியைக்கூட மாட்டிப் பார்த்தான். பிற்பாடு 1971-ல் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்துக்காகத் தந்தியையே தளர்த்திவிட்டார். ஹார்மோனியத்தில் கறுப்பு வெள்ளை எல்லாம் சேர்த்து எண்ணினால், மூன்று கட்டை கீழே. தந்தி தளர்ந்தால் விரலுக்கு இதம், ஒலிக்குக் கனம். இன்றைக்கு ஒவ்வொரு மெட்டல் கோஷ்டியும் போட்டி போட்டுக்கொண்டு சுருதியை இறக்குவதற்கு மூதாதை, வலி தாங்காத இரண்டு விரல்.

ஆனால், ஒரு விபத்திலிருந்து மட்டும் ஒரு சங்கீதம் பிறந்துவிடாது. வேர் இன்னும் ஆழம்.

அமெரிக்காவில் மிசிசிப்பி டெல்ட்டாவின் பருத்திக் காடுகளுக்குப் போக வேண்டும். ராபர்ட் ஜான்சன் என்று ஒரு கறுப்பினப் பாடகர். 1936, 37-ல் மொத்தம் 29 பாட்டு பதிவு செய்துவிட்டு, 1938-ல் 27 வயதில் செத்துப்போனார். நாற்சந்தியில் பிசாசிடம் ஆத்மாவை விற்றுக் கிடார் கற்றுக்கொண்டார் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. ஆக, மெட்டலில் எட்டிப்பார்க்கும் அந்தப் பிசாசு லண்டனில் பிறக்கவில்லை, பருத்திக் காட்டிலிருந்து வந்தது. ஜான்சனின் பாட்டுகள் 1961-ல் எல்.பி.யாக வந்தபோது, இங்கிலாந்துப் பையன்கள் அதை வேதம் மாதிரி மனப்பாடம் செய்தார்கள்.

அடுத்தவர் மடி வாட்டர்ஸ். பண்ணையில் டிராக்டர் ஓட்டியவர். 1943-ல் ஊரைவிட்டு சிகாகோ போனார். அங்கே மதுக்கூடங்களில் ஒரே இரைச்சல். மரக் கிடார் யார் காதிலும் விழவில்லை. எலெக்ட்ரிக் கிடாருக்கு மாறினார். இதைக் கவனியுங்கள்: சத்தம் கூடியது திமிரினால் அல்ல, கேட்க வேண்டும் என்கிற ஆசையினால்.

பிறகு ஸ்பீக்கரைக் கிழிக்கிற கட்டம். லிங்க் ரே என்பவர் 1958-ல் 'ரம்பிள்' என்ற பாட்டுக்காக ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கரில் பென்சிலால் ஓட்டை போட்டார். கரகரவென்று ஒரு ஒலி. பாட்டில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. இருந்தும் சில அமெரிக்க ரேடியோ நிலையங்கள் தடை செய்தன. ரம்பிள் என்றால் கொச்சையில் தெருச் சண்டை, பையன்கள் கெட்டுப்போவார்களாம். வார்த்தையே இல்லாத பாட்டைத் தடை செய்வதைவிட அதற்கு வேறு என்ன பாராட்டு வேண்டும்? 1964-ல் 'கின்க்ஸ்' கோஷ்டியின் டேவ் டேவிஸ் ஸ்பீக்கரைப் பிளேடால் கீறி 'யூ ரியலி காட் மீ' வாசித்தார்.

இந்தக் கரகரப்பில் கொஞ்சம் விஞ்ஞானம் இருக்கிறது. தாங்க முடியாத அளவுக்கு ஆம்ப்ளிஃபயரைத் திருகினால், ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டு, மூல ஒலியில் இல்லாத மேல் ஸ்வரங்கள் கிளம்பும். ஆடி மாத அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கரில் எல்.ஆர்.ஈஸ்வரிக்கு நேர்வது இதுதான். இந்த நிலையில் நாலைந்து ஸ்வரத்தைச் சேர்த்து அழுத்தினால் குழம்பிவிடும். ஸ, ப இரண்டை மட்டும் அழுத்தினால் சுவர் மாதிரி நிற்கும். இதற்குப் பவர் கார்ட் என்று பெயர். நம் தம்புராவின் ஆதாரமும் அதே ஸ, ப தான். தம்புரா பின்னால் உட்கார்ந்திருக்கும். இது முன்னால் வந்து சட்டையைப் பிடிக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

இனி ஆஸ்டனுக்குத் திரும்பலாம். நான்கு பேர். அயோமி, பேஸ் கிடார் கீஸர் பட்லர், டிரம்ஸ் பில் வார்ட், பாடகர் ஆஸி ஆஸ்பர்ன். எல்லோரும் 1948, 49-ல் பிறந்தவர்கள். ஹிட்லரின் குண்டு விழுந்து பெயர்ந்த காலி மனைகளில் விளையாடி வளர்ந்தவர்கள். ஆஸி கசாப்புக் கூடத்தில் வேலை பார்த்தார், கார் ஹாரன் ஃபாக்டரியில் ஹாரனுக்குச் சுருதி சேர்த்தார், திருட்டு வழக்கில் சில வாரம் உள்ளே இருந்தார். கலிஃபோர்னியாவில் பூச்சூடிய இளைஞர்கள் அன்பே கடவுள் என்று பாடிக்கொண்டிருந்த சமயம். ஆஸ்டனில் பூவும் இல்லை, வெயிலும் இல்லை.

1969 அக்டோபரில் ஒரே நாளில் பதிவு செய்த 'பிளாக் ஸாபத்' என்ற முதல் ஆல்பம், 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளிவந்தது. முதல் பாட்டுக்கும் அதே பெயர். மழை. தூரத்தில் ஒரு மணி. பிறகு அயோமியின் கிடார். மூன்றே ஸ்வரம்: ஸ, மேல் ஸ, பிரதி மத்யமம். அந்த மத்யமம் லேசாக நடுங்கும். ஐரோப்பாவில் ஸ-வுக்கும் அந்த ம-வுக்கும் உள்ள தூரத்துக்குப் 'பிசாசு இடைவெளி' என்று பெயர். சர்ச் இதைத் தடை செய்திருந்தது என்று சொல்வார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது, நம்பாதீர்கள். வேடிக்கை என்னவென்றால், அதே பிரதி மத்யமம்தான் நம் கல்யாணியில் மங்களகரமாக உட்கார்ந்திருக்கிறது. ஸ்வரத்தில் பிசாசும் இல்லை, தெய்வமும் இல்லை. பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

பாட்டின் விஷயம் என்ன? ராத்திரி கட்டிலருகே ஒரு கறுப்பு உருவத்தைப் பார்த்துவிட்டதாக நம்பிய பட்லரின் பயம். பாடுபவன் சாத்தானைக் கூப்பிடவில்லை, கடவுளே காப்பாற்று என்று அலறுகிறான். இந்தப் பேர்வழிகள் கழுத்தில் மாட்டிய சிலுவைகளைச் செய்து கொடுத்தவர் ஆஸியின் அப்பா. அவரும் ஃபாக்டரித் தொழிலாளி. இதையெல்லாம் விசாரிக்காமல், பெயரைப் பார்த்தே முடிவுகட்டிவிட்டார்கள். விமர்சகர்களோ சத்தத்தை மட்டும் கேட்டுக் கழித்துக்கட்டினார்கள். அந்த ஆல்பம் இங்கிலாந்துப் பட்டியலில் 8-ம் இடத்துக்குப் போயிற்று.

அதே வருஷம் செப்டம்பரில் இரண்டாவது ஆல்பம் 'பாரனாய்ட்'. இதில் 'வார் பிக்ஸ்', ஏழைப் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பிவிட்டுப் பின்னால் ஒளிந்துகொள்ளும் தளபதிகளையும் அரசியல்வாதிகளையும் பற்றியது. ஆல்பத்துக்கே அந்தப் பெயர்தான் வைப்பதாக இருந்தார்கள், கம்பெனி மாற்றிவிட்டது. அதனால்தான் அட்டையில் ஒரு ஆள் சம்பந்தமில்லாமல் கத்தியும் கேடயமுமாக நிற்கிறான். 'ஹேண்ட் ஆஃப் டூம்', வியட்நாமிலிருந்து ஹெராயின் பழக்கத்தோடு திரும்பிய சிப்பாய்கள் பற்றியது. இதைவிட நேரடியான செய்தி அன்றைய பத்திரிகைகளிலேயே எவ்வளவு வந்தது என்பது சந்தேகம்.

குறை இல்லையா? உண்டு. பாட்டு வரிகள் பல இடங்களில் பள்ளிக்கூட எதுகை. ஆஸியின் குரலுக்குச் சங்கதி கிடையாது. 'அயர்ன் மேன்' பாட்டில் கிடார் போகிற வழியிலேயே கைபிடித்துக்கொண்டு போகிறது. ஆனால் அந்தக் குரலில் நடிப்பு இல்லை. கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிறவனிடம் பிருகா எதிர்பார்க்கக்கூடாது.

வித்தை வேண்டுமானால் சமகாலத்தவர்கள் இருவர். 'லெட் ஸெப்பலின்' நால்வரும் ஸாபத்தைவிடப் பலமடங்கு கெட்டிக்காரர்கள். ஆனால் கை கொஞ்சம் நீளம். 1969-ல் வந்த 'ஹோல் லாட்டா லவ்' பாட்டில், வில்லி டிக்ஸன் எழுதி மடி வாட்டர்ஸ் 1962-ல் பாடிய ஒரு பாட்டின் வரிகள் தாராளமாகப் புழங்குகின்றன. டிக்ஸன் பெயரைப் போடவில்லை. அவர் 1985-ல் வழக்குப் போட, 1987-ல் சமரசம். பருத்திக் காட்டிலிருந்து வந்தவர்களுக்குச் சேர வேண்டியது பதினெட்டு வருஷம் தாமதமாக, அதுவும் கோர்ட் படியேறித்தான் வந்தது. மெட்டலின் வேர் பற்றிப் பேசுகிறவர்கள் இதைச் சொல்லாமல் தாண்டுவது நியாயமல்ல.

'டீப் பர்ப்பிள்' மேற்கத்திய சாஸ்திரிய சங்கீதத்தைக் கிடாருக்கும் ஆர்கனுக்கும் கொண்டுவந்தது. 1970-ன் 'இன் ராக்' இன்றைக்கும் பிரமிப்பு. அதிலிருந்து கிளைத்த வேக வாசிப்புப் பரம்பரையில் பலருக்கு விரல் இருக்கிறது, சொல்ல விஷயம் இல்லை.

குடும்பத்திலிருந்து தனிக்குடித்தனம் போனது 'ஜூடஸ் ப்ரீஸ்ட்'. இவர்களும் பர்மிங்ஹாம்தான். 1976-ல் 'ஸாட் விங்ஸ் ஆஃப் டெஸ்டினி' ஆல்பத்தில் இரட்டைக் கிடாரும் ராப் ஹால்ஃபோர்டின் உச்ச ஸ்தாயிக் குரலுமாக, ப்ளூஸின் சாயலைப் பெரும்பாலும் கழற்றி வைத்தார்கள். தோல் ஜாக்கெட், ஆணி பெல்ட் சீருடை சில வருஷம் கழித்து வந்தது. மெட்டலுக்குத் தனி முகவரி கிடைத்தது, துக்கம் கொஞ்சம் குறைந்தது. எனக்கு இதில் லாபமும் தெரிகிறது, நஷ்டமும் தெரிகிறது.

இதே ப்ரீஸ்ட் மீதுதான் 1990-ல் அமெரிக்காவின் ரீனோ நகரில் வழக்கு நடந்தது. 1985-ல் இரண்டு இளைஞர்கள் தற்கொலைக்கு முயன்று ஒருவர் அன்றே இறந்தார், மற்றவர் மூன்று வருஷம் கழித்து. பாட்டில் மறைந்திருந்த ரகசியக் கட்டளைதான் காரணம் என்றன குடும்பங்கள். குற்றம்சாட்டப்பட்ட பாட்டு ப்ரீஸ்ட் எழுதியதுகூட இல்லை, 'ஸ்பூக்கி டூத்' கோஷ்டியுடையது. மூச்சு விடும் ஒலியும் கிடாரும் தற்செயலாகச் சேர்ந்ததுதான் அது என்று நீதிபதி தள்ளுபடி செய்தார். பிள்ளையை இழந்த பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால், ஒரு பையன் கதவைச் சாத்திக்கொண்டு எதைக் கேட்கிறான் என்று பார்ப்பதோடு, ஏன் சாத்திக்கொண்டான் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

அந்தக் கொம்பு முத்திரை? ஆள்காட்டி விரலும் சுண்டு விரலும் நீட்டிக் காட்டுவார்களே, அதைப் பரப்பியவர் 1979-ல் ஆஸிக்குப் பதிலாக ஸாபத்தில் சேர்ந்த ரானி ஜேம்ஸ் டியோ. அவருடைய இத்தாலியப் பாட்டி கண்ணேறு படாமலிருக்கக் காட்டுவாராம். திருஷ்டி கழிக்கிற சமாசாரம்! அதைப் போய்ச் சாத்தான் சின்னம் என்கிறோம்.

2025 ஜூலை 5 அன்று, பிறந்த பேட்டையிலேயே, வில்லா பார்க் மைதானத்தில் அந்த நால்வரும் கடைசியாகச் சேர்ந்து வாசித்தார்கள். பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாத ஆஸி, சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். நிதி, குழந்தைகள் ஆஸ்பத்திரி போன்ற காரியங்களுக்கு. பதினேழு நாள் கழித்து இறந்துபோனார், வயது 76. அந்த ஊர் ஊர்வலத்துக்குத் தெருவில் திரண்டு நின்றது.

ஆரம்பிக்க விரும்புகிறவர்களுக்கு வரிசை இதோ: ராபர்ட் ஜான்சன் இரண்டு பாட்டு, மடி வாட்டர்ஸ் இரண்டு, 'ரம்பிள்', 'யூ ரியலி காட் மீ', பிறகு ஸாபத்தின் முதல் ஆல்பமும் 'பாரனாய்டு'ம் முழுசாக, கடைசியில் 'ஸாட் விங்ஸ்'. சுமார் இரண்டேகால் மணி நேரம். ராத்திரி விளக்கணைத்துவிட்டுக் கேட்டால் விசேஷம். ஸாபத்தின் முதல் பாட்டை மட்டும், முடிந்தால், அந்தக் கறுப்பு டி-ஷர்ட்டுக்காரரின் கதவைத் தட்டி, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். முதலில் சந்தேகமாகப் பார்ப்பார். பரவாயில்லை, அந்த மத்யமம் நடுங்குகிற இடத்தை நீங்கள் காட்டிக் கொடுங்கள்.