கல் பங்களாவைக் கட்டியவர் யார்?

உதகமண்டலத்தின் வரலாற்றில் ஒரு வாக்கியம் மாறாமல் வரும்: கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822இல் கல் பங்களாவைக் கட்டத் தொடங்கினார். உதகையின் முதல் ஐரோப்பிய வீடு அது. அந்த வாக்கியத்தின் எழுவாயோடுதான் எனக்கு வழக்கு.

தமிழ் இலக்கணம் கருத்தாவை இரண்டாகப் பிரிக்கிறது. தானே செய்பவர் இயற்றுதற் கருத்தா. பிறரைச் செய்ய வைப்பவர் ஏவுதற் கருத்தா. கரிகாலன் கல்லணை கட்டியது இரண்டாம் வகை என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். மதிப்பெண் வாங்கியதும் மறந்தும்விடுகிறோம்.

எங்கள் வடமதுரையில் வீடு எழும் இடத்தைப் பாருங்கள். கொத்தனார் சாரத்தில் நிற்பார். கல்லும் கலவையும் சித்தாளின் தலையில் ஏறி வரும். சித்தாள் பெரும்பாலும் பெண். கூலி கொத்தனாரைவிடக் குறைவு. புதுமனை புகுவிழா அழைப்பிதழில் வீட்டுக்காரர் 'கட்டிய' இல்லம் என்றிருக்கும். உதகை மலையில் கல் சுமந்த தலைகளுள் பெண்களுடையவை எத்தனை என்று கேட்கவே 'சல்லிவன் கட்டினார்' விடுவதில்லை.

'கல் பங்களா' என்று அழைத்தவர்கள் தோடர்கள் என்பார்கள். மூங்கில், பிரம்பு, புல் கொண்டு அரைவட்ட வளைவாக வேயப்பட்டு, குனிந்து தவழ்ந்தே நுழையக்கூடிய வாசல் கொண்டவை அவர்களின் வீடுகள். அந்தக் கண்ணுக்கு உடையவர் பெரிதாகப் படவில்லை, கல்தான் பட்டது. ஏக்கர் ஒரு ரூபாய்க்கு அவர்களின் நிலம் கைமாறியது. ஆனாலும் தோடர் குடிலைச் சமத்துவத்தின் சின்னமாக்க நான் தயாரில்லை. அவர்களின் பால்மனைக் கோயிலுக்குள் பெண் நுழையக் கூடாது. கல்லோ புல்லோ, வாசல் யாருக்குத் திறக்கிறது என்பதே கேள்வி.

சல்லிவனின் மனைவி ஹென்ரியட்டா? 1838இல் அவரும் மகளும் இறந்தனர். தூய ஸ்டீபன் ஆலயக் கல்லறையில் இருக்கிறார்கள். அந்த வீட்டில் வாழ்ந்தவருக்கும் கல்லறைக் கல்லில்தான் பெயர்.

இன்று கல் பங்களா அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. பெண்கள் அங்கே புத்தகம் சுமந்து போகிறார்கள். அவர்களுள் ஒருத்தியாவது அந்தப் பழைய வாக்கியத்தை 'சல்லிவன் கட்டுவித்தார்' என்று திருத்தி எழுதட்டும். 'வித்' என்ற அந்தச் சிறு இடைவெளிக்குள் ஒரு சித்தாள் நிமிர்ந்து நிற்க இடம் கிடைக்கும்.