உள்ளத்தால் நம்புதலும் உள்ளத்தை நம்புதலும்: இரட்சணிய யாத்திரிகம் குறித்து ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

சிங்கப்பூரின் ஜாலான் புசார் சாலையையும் அதனை அடுத்துள்ள தேக்கா வட்டாரத்தையும் தமிழர் வாழ்வியலோடு இணைத்துப் பேசுவோர் பெரும்பாலும் கோயில்களையும் கடைத்தெருக்களையுமே முன்னிறுத்துவர். இவ்வட்டாரத்தைச் சுற்றித் தமிழில் வழிபாடு நடைபெறும் கிறித்தவ ஆலயங்களும் உள்ளன. ஓஃபிர் சாலையில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென 1886இல் அடிக்கல் நாட்டப்பெற்ற லூர்து அன்னை ஆலயம் 1888இல் திறக்கப்பெற்றது. 2005இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபையும், டார்செட் சாலையில் ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த கிறிஸ்து ஆலயமும் இயங்குகின்றன. மூன்றும் தமிழ்ச் சமய மொழியின் வெவ்வேறு மரபுகளைக் காத்து வருகின்றன.

இம்மரபுகளின் மையத்தில் இரண்டு சொற்கள் உள்ளன. ஒன்று ஞானம், மற்றொன்று விசுவாசம். இவ்விரண்டும் தம்முள் எவ்வாறு தொடர்புறுகின்றன? இறைவனிடத்து வைக்கும் நம்பிக்கை அறிவுக்கு மாறானதா, அறிவின் தொடக்கமா? உள்ளத்தில் உணரப்படுவது என்பதாலேயே ஒரு நம்பிக்கை மெய்யாகிவிடுமா? இவ்வினாக்களை முன்வைத்து, எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தை மறுவாசிப்புச் செய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஞானம்: சொல்லும் பொருளும்

தமிழ்க் கிறித்தவ வழக்கில் ஞானம் என்னும் சொல் பெற்றுள்ள இடம் தனித்தன்மை வாய்ந்தது. ஞானஸ்நானம், ஞானப்பாட்டு, ஞானத்தகப்பன் முதலிய தொடர்களில் அச்சொல் கல்வியறிவைக் குறிப்பதில்லை. ஆவிக்குரியது, அருள்வாழ்வுக்குரியது என்னும் பொருளையே தருகிறது. பதினேழாம் நூற்றாண்டில் இராபர்ட் தெ நொபிலி தம் சமய விளக்க நூலுக்கு ஞானோபதேசம் எனப் பெயரிட்டதையும் இங்கு நினைவுகூரலாம். எழுத்தறியாத ஒருவரும் ஞானஸ்நானத்தால் புதுவாழ்வில் புகுகிறார் என்னும் கருத்து, ஞானத்தைக் கற்றோரின் தனியுடைமையாக இருக்கவிடாமல் செய்தது. எனவே தமிழில் ஞானமும் விசுவாசமும் எதிரெதிர் முனைகளில் நிற்கும் சொற்கள் அல்ல. ஒன்றின் எல்லைக்குள் மற்றொன்று புழங்குகிறது.

இவ்விடத்தில் திருக்குறளும் விவிலியத்தின் நீதிமொழிகளும் ஒப்புநோக்கத்தக்கன. வாலறிவன் திருவடியைத் தொழாதவர் கற்ற கல்வியால் பயன் ஏதும் இல்லை என்பது கடவுள் வாழ்த்தின் இரண்டாம் குறளில் வள்ளுவர் கூறும் கருத்து. இறைவனுக்கு அஞ்சுதலே ஞானத்தின் தொடக்கம் என்பது நீதிமொழிகளின் கருத்து. முன்னதில் தொழுகை, கல்வி சென்று சேரும் பயன். பின்னதில் இறையச்சம், அறிவு புறப்படும் இடம். வரிசை மாறினும் தொழுகையிலிருந்து பிரிக்கப்பட்ட அறிவை இரண்டுமே ஏற்கவில்லை. இவ்விரு மரபுகளும் சந்திக்கும் இடத்தில் நின்று பாடியவர் கிருஷ்ண பிள்ளை.

அறிவைத் துறந்த நம்பிக்கையையும் தமிழ்க் கிறித்தவ இலக்கியம் போற்றியதில்லை. தேம்பாவணியைப் பாடிய வீரமாமுனிவரே பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார். அக்கதையில் வரும் சீடர்களின் குருபக்தியில் குறைவில்லை. பகுத்தறியும் திறமே இல்லை. நம்பத் தெரிந்தால் மட்டும் போதாது, எதனை, எவ்வாறு நம்புவது என்பதும் அறியப்படவேண்டும் என்பதை அந்நகைச்சுவை நமக்கு உணர்த்துகிறது.

விசுவாசமும் நம்பிக்கையும்

சொல்லாட்சி சார்ந்த சிக்கல் ஒன்றையும் இங்குச் சுட்டவேண்டும். சீர்திருத்தத் திருச்சபைகள் வழங்கிவரும் பழைய மொழிபெயர்ப்பில், பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 13ஆம் அதிகார இறுதியில் நிலைத்து நிற்பனவாகக் கூறப்படும் மூன்று பண்புகள் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்பனவாம். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியத்தில் அவை நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என அமைகின்றன. அஃதாவது, ஒரு மொழிபெயர்ப்பில் இரண்டாம் பண்பைக் குறிக்கும் சொல் மற்றொன்றில் முதற் பண்பைக் குறிக்கிறது. விசுவாசப் பிரமாணம் என்பது ஓர் ஆலயத்தின் வழக்காகவும், நம்பிக்கை அறிக்கை என்பது மற்றோர் ஆலயத்தின் வழக்காகவும் இருப்பதை நாம் காண்கிறோம்.

இதனை வெறும் வடசொல், தென்சொல் பூசலாகக் கருதிவிடலாகாது. விசுவாசம் என்பது அன்றாடத் தமிழில் நன்றி மறவாத உண்மைப் பற்றையும் உணர்த்தும். எசமானிடத்து விசுவாசம் என்கிறோம். நம்பிக்கை என்பதோ, துணையென ஒருவரைச் சார்ந்திருத்தலையும் இனி நிகழவிருப்பதை எதிர்பார்த்தலையும் ஒருங்கே உணர்த்தும். முதற்சொல்லில் கடப்பாடு மிகுதி. இரண்டாம் சொல்லில் சார்பு மிகுதி. முழு உள்ளத்தோடும் இறைவனைச் சார்ந்திரு, உன் சொந்த அறிவின்மேல் சாயாதே என்னும் கருத்தமைந்த நீதிமொழிகளின் மூன்றாம் அதிகாரப் பகுதியில் பழைய மொழிபெயர்ப்பும் நம்பிக்கை என்னும் சொல்லையே ஆள்கிறது. சார்தல் என்னும் பொருள் வேண்டப்படும் இடத்தில் மொழிபெயர்ப்பாளர் விசுவாசத்தை விட்டு நம்பிக்கையை நாடியமை கருதத்தக்கது. சிங்கப்பூரில் ஆங்கிலம் வழியாகவே சமய நூல்களைப் படிக்கும் இளந்தலைமுறைக்கு இவ்வேறுபாடு புலப்படாமல் போகும் சூழல் உள்ளது. தமிழாசிரியர்கள் கவலைகொள்ள வேண்டிய செய்தி இது.

புனியனின் பயணமும் கிருஷ்ண பிள்ளையின் யாத்திரையும்

திருநெல்வேலிப் பகுதியைச் சேர்ந்த கரையிருப்பில் 1827இல் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ண பிள்ளை, கம்பராமாயணப் பயிற்சி மிக்கவர். 1853இல் சாயர்புரத்தில் தமிழாசிரியராகச் சேர்ந்த அவர், 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். ஆங்கிலத்தில் ஜான் புனியன் எழுதி 1678இல் வெளிவந்த உருவக உரைநடை நூலைத் தழுவி அவர் பாடிய காப்பியம் நற்போதகம் இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வெளிவந்து, 1894இல் நூலாயிற்று. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்து பருவங்களில் 3,766 பாடல்களைக் கொண்டது அந்நூல்.

புனியனின் நூலில் ஞானத்துக்குப் பகைவர் இருவர். ஒருவர் பயணத்தின் தொடக்கத்தில் எதிர்ப்படும் உலகஞானி. சுமையை இறக்கிவைக்கச் சிலுவையை நாடவேண்டியதில்லை, நன்னடத்தை என்னும் ஊருக்குச் சென்றால் போதும் என்பது அவருடைய அறிவுரை. மற்றவர் பயணத்தின் இறுதிப் பகுதியில் உடன்வரும் அறிவிலி. தன் உள்ளம் தனக்கு நற்சான்று கூறுகிறது என்பதே அவருடைய உறுதிப்பாடு. தன் உள்ளத்தையே நம்புகிறவன் மதியீனன் என்னும் நீதிமொழிக் கருத்தைப் பயணி அவருக்கு எடுத்துரைக்கிறார். அவர் ஏற்கவில்லை, நகரவாயில் வரை வந்தும் உள்ளே புகும் பேறு பெறவில்லை.

இங்குத் தமிழ் வேற்றுமையுருபுகள் நமக்குக் கைகொடுக்கின்றன. உள்ளத்தால் நம்புதல் வேறு. உள்ளத்தை நம்புதல் வேறு. முன்னதில் உள்ளம் கருவி. பின்னதில் உள்ளமே செயப்படுபொருள். முன்னதில் நம்பப்படுபவன் இறைவன். பின்னதில் நம்பப்படுவது நாமே. உணர்ச்சிப் பெருக்கையே விசுவாசத்தின் அளவுகோலாகக் கொள்ளும் எந்தச் சமயத்தாருக்கும் பொருந்தும் எச்சரிக்கை இது. ஐயக் கோட்டையில் சிறைப்பட்ட பயணிக்கு விடுதலை தருவதும் அவனுடைய மனத்திண்மை அன்று. அவன் மார்பகத்தில் மறந்து வைத்திருந்த, வாக்குத்தத்தம் என்னும் சாவியே பூட்டைத் திறக்கிறது. சாவி இருந்த இடம் அவன் நெஞ்சம். அதனை வார்த்துக் கொடுத்தது அவன் நெஞ்சம் அன்று.

கிருஷ்ண பிள்ளை இவ்வுருவகத்தைத் தமிழாக்கியதோடு நில்லாமல் இரு பெரும் மாற்றங்களைச் செய்தார். புனியனில் சிலுவை, சுமை கழன்று விழும் ஓர் இடமாகச் சுருக்கமாகவே வருகிறது. கிருஷ்ண பிள்ளையோ குமார பருவத்தில் இரட்சகரின் பாடுகளை விரிவாகப் பாடினார். நம்பிக்கைக்கு உரியவர் யார் என்பதைக் கதையாகக் காட்டிய பின்னரே நம்பிக்கை கொள்வோனின் பயணத்தை அவர் நீட்டிச் செல்கிறார். யாரைச் சார்வது என்பது அறியப்படாதவிடத்துச் சார்தல் குருட்டுத்தனமாகிவிடும் அன்றோ?

இரண்டாவது, காப்பியத்தினிடையே 144 தேவாரப் பாடல்களை அமைத்தமை. வைணவக் குடியில் பிறந்து கிறித்தவரானவர், சைவத் திருமுறையின் பெயரைத் தம் இசைப்பாக்களுக்குச் சூட்டிக்கொண்டார். இதனை இலக்கியக் கடன் என்று மட்டும் கூறி அமைதல் போதாது. கதை படர்க்கையில் நடப்பது. தேவாரம் இறைவனை முன்னிலைப்படுத்துவது. தன் உள்ளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் மனிதன், உள்ளத்தைத் திறந்து மற்றொருவரிடம் பேசத் தொடங்கும் இடங்கள் அவை. தமிழ்ப் பத்தி மரபில் அடியவர் தம் நெஞ்சை விளித்து அறிவுறுத்துவது பெருவழக்கு. நெஞ்சறிவுறுத்தல் எனத் தனி வகையாகவே அது வளர்ந்தது. அம்மரபில் நெஞ்சு வழிகாட்டி அன்று; மாணாக்கன். புனியன் அறிவிலியின் வீழ்ச்சியைக் கொண்டு எதிர்மறையாக உணர்த்தியதைக் கிருஷ்ண பிள்ளை பத்தி மரபின் துணையால் உடன்பாட்டு முறையில் உணர்த்தியிருக்கிறார் என்பது நம் கருத்து.

குறைகளும் மதிப்பீடும்

காப்பியத்தில் குறைகள் இல்லாமல் இல்லை. உருவகப் பெயர்களும் செறிந்த வடசொற்களும் இன்றைய வாசகரைத் தொலைவில் நிறுத்துகின்றன. நூற்பெயரே இதற்குச் சான்று. காப்பிய இலக்கணத்தை நிறைவுசெய்யும் வருணனைகள் பயணத்தின் விரைவைத் தடுக்கின்றன. புனியனின் எளிய உரைநடையில் தோன்றும் சாலைப் பயணியின் மூச்சிரைப்பை விருத்தப்பாவின் கம்பீரம் சில இடங்களில் மூடிவிடுகிறது.

ஆயினும், கிறித்தவக் கம்பர் என்னும் புகழ்மொழியே இந்நூலுக்குப் பெருந்தடையாகிவிட்டது என நாம் கருதுகிறோம். அப்பட்டம் கம்பரின் சாயல் எங்கெங்கு விழுந்துள்ளது எனத் தேடும் ஆய்வையே ஊக்குவித்தது. அணிநலம், சந்தநலம் ஆகியவற்றோடு வகுப்பறைப் பாடம் முடிந்துவிடுகிறது. ஒரு மனிதன் எதனைச் சார்ந்து துன்பத்தைக் கடக்கிறான் என்னும் காப்பியத்தின் உயிர்வினா எழுப்பப்படுவதே இல்லை. சமய நூலாயிற்றே என்னும் தயக்கமும் இதற்குக் காரணமாகலாம். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கு 1961 முதல் தலைமையேற்ற தனிநாயகம் அடிகளார் கத்தோலிக்கக் குருவாக இருந்தும் சங்கப் பாடல்களைத் தமிழர் அனைவருக்கும் பொதுச்செல்வமாகவே பயின்றார். அவ்வாறே சைவரும் இசுலாமியரும் இரட்சணிய யாத்திரிகத்தைத் தம் இலக்கியமாகப் பயில்வதற்குத் தடையில்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில முடிவுகள் புலனாகின்றன. தமிழ்க் கிறித்தவ மரபில் ஞானம் என்பது நம்பிக்கையைக் கடந்த உயர்படி அன்று; நம்பிக்கையினூடே முதிர்வது. உள்ளார்ந்த விசுவாசம் என்பது உணர்ச்சியின் அளவைப் பொறுத்தது அன்று. உள்ளம் தன்னை விட்டு வேறொருவரைச் சார்வதைப் பொறுத்தது. இவ்வுண்மையைக் கிருஷ்ண பிள்ளை இரட்சகர் வரலாற்றாலும் தேவாரப் பாடல்களாலும் தமிழ் மரபுக்கு இயைய நிறுவினார்.

ஜாலான் என்னும் மலாய்ச் சொல்லுக்குச் சாலை, நடத்தல் என்னும் இரு பொருளும் உண்டு. ஜாலான் புசார் வட்டாரத் தமிழ் ஆலயங்களில் யாத்திரை, வழி என்னும் உருவகங்களைக் கேட்டு வளரும் மாணவர்களுக்கு, அவை கடல்கடந்து வந்த தம் முன்னோரின் அனுபவத்தோடும் பொருந்தும். அவர்களிடம் ஆசிரியர் இரண்டு தொடர்களைக் கரும்பலகையில் எழுதலாம்: உள்ளத்தால் நம்பினான், உள்ளத்தை நம்பினான். மூன்றாம் வேற்றுமைக்கும் இரண்டாம் வேற்றுமைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கிய பின் காப்பியத்தைத் திறந்தால், இலக்கணப் பாடமும் இலக்கியப் பாடமும் ஒன்றாகிவிடும். அவற்றுள் எதனைத் தம் வாழ்வில் கைக்கொள்வது என்பதை மாணவரே எண்ணிப் பார்க்கட்டும்.