வலிக்கு ஒரு வாயில்

உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி, அதிலிருந்து நீளும் கம்பிகள், அவற்றின் நுனியில் தோலோடு ஒட்டிக்கொள்ளும் பட்டைகள் என்று பார்வைக்கு யாதொரு சோபையுமற்ற, தோலின் வழியே மெல்லிய மின்சாரம் செலுத்தி வலியைத் தணிக்கும் 'டென்ஸ்' என்னும் யந்திரத்தை, இடுப்பு வலியோடு இரவைக் கழித்தவர்கள் மாத்திரமே உள்ளபடி ரசிக்க முடியும் என்பது என் அபிப்பிராயம்.

இதன் வம்சாவளி விநோதமானது. கிளாடியஸ் சக்கரவர்த்தி காலத்து ரோமானிய வைத்தியர் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ், கீல்வாத நோயாளியை ஈரமான கடற்கரையில் நிறுத்தி, உயிருள்ள மின்திருக்கை ஒன்றைப் பாதத்தின் கீழ் வைத்து, முழங்கால் வரை மரத்துப்போகும் மட்டும் நிற்கும்படி விதித்தார். (மீனின் சம்மதத்தை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.) பிற்பாடு, 1965-இல் மெல்ஸாக், வால் என்னும் இருவர், முதுகுத்தண்டில் வலியின் செய்தியைத் தடுக்கவல்ல வாயில் ஒன்று உண்டென்றும், ஸ்பரிசத்தைச் சுமக்கும் தடித்த நரம்பிழைகள் தூண்டப்பட்டால் அது சாத்திக்கொள்ளுமென்றும் சித்தாந்தம் வகுத்தார்கள். டென்ஸ் பட்டைகள் தோலில் எழுப்பும், எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்பு செய்கிற காரியம் இதுவே.

தசையைத் தூண்டும் மின்சாரமோ வேறு ஜாதி. மூட்டு அறுவைச் சிகிச்சைக்குப் பின் தன் தொழிலை மறந்து கிடக்கும் தொடைத் தசை, உடையவரின் சித்தத்தை எதிர்பாராமலே இறுகித் தளர்வதையும், "நீங்களும் சேர்ந்து இறுக்குங்கள், ஐயா" என்று பிசியோதெரபிஸ்ட் உற்சாகப்படுத்துவதையும் காண்பது தனி ஆனந்தம். டென்ஸோ வலியின் மூலகாரணத்தைக் களைவதில்லை. தேகப்பயிற்சிக்குப் பதிலும் ஆகாது. இருதயத்துக்குப் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் வைத்தியரின் அனுமதியின்றி இவ்விரண்டையும் தொடவே வேண்டாம்.