இரு கமராக்கள், ஒரு ருஷ்யா

பழைய ஒளிப்படங்களை வரலாற்றின் கண்ணாடி என்போர், அக்கண்ணாடியை ஏந்திய கை யாருடையது என வினவுவதில்லை. 1909இலிருந்து சார் மன்னன் இரண்டாம் நிக்கலஸின் ஆதரவுடன் பேரரசெங்கும் பயணஞ்செய்த புரொக்குடின் கோர்ஸ்கி, நீலம், பச்சை, சிவப்பு வடிகட்டிகளினூடே மும்முறை பதிவுசெய்து வண்ணப்படங்களை ஆக்கினார். அம்முறைக்கு அசையா உருவங்களே ஏற்றவை. எனவே புல்லறுக்கும் குடியானவர் வேலையை நிறுத்தியே நின்றனர், உழைப்பு எழிலோவியமாயிற்று. இது ஆட்சியின் நோக்கு மட்டுமன்று, கருவியின் எல்லையுமாகும்.

மாறாக, 1891-92 பஞ்சத்தின்போது நிஷ்னி நொவ்கொரொட் மாகாணத்தில் மக்சிம் டிமித்ரியேவ் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களில் பசித்தோரும் நோயுற்றோரும் நம்மை எதிர்நோக்குகின்றனர். முன்னவரின் கலைத்திறனை நாம் மறுக்கவில்லை. ஆயின் நிறம் மிகுவதால் உண்மை மிகுந்துவிடாது. இவ்விரு தொகுதிகளையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கே 1917 எங்கிருந்து பிறந்ததென்பது ஓரளவு புலனாகும்.