காயலான் கடையும் கடைசல் மினுக்கும்

ஒரு மில்லிமீட்டரை இருபத்தைந்தால் வகுத்துப் பாருங்கள். 0.04 வரும். 1932-ஆம் ஆண்டு ஃபோர்டு காரின் உடற்தகடு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனம். அந்தக் காரை 1/25 அளவில் சிறுமாதிரியாகச் செய்பவர் தகட்டின் கனத்தையும் அதே கணக்கில் குறைப்பதென்றால், சமையலறை அலுமினியத் தாளைவிடச் சற்றே தடித்த ஒன்றைத்தான் கையில் எடுக்க வேண்டும். கடையில் பெட்டியாக விற்கும் பிளாஸ்டிக் கிட்டிலோ அதே பாகம் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு வார்க்கப்பட்டிருக்கும். நிஜக் காரின் அளவுக்குப் பெருக்கினால் அது ஓர் அங்குலத் தகடு. போர்க்கள வண்டிக்கு வேண்டுமானால் பொருந்தும்.

ஹாட் ராட் சிறுமாதிரிகளுக்கு வெறும் தகட்டிலிருந்தும் கம்பியிலிருந்தும் பாகங்களைத் தாங்களே செய்துகொள்ளும் பழக்கத்தின் நியாயம் முழுவதும் இந்த வகுத்தலில் இருக்கிறது. அந்தப் பழக்கத்தின் குறைகள் பெரும்பாலும் இந்த வகுத்தலைப் பாதியில் நிறுத்திவிடுவதால் வருகின்றன.

ஹாட் ராட் என்பது தெற்குக் கலிஃபோர்னியாவின் பிள்ளை. இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்னும் பின்னும், அங்கிருந்த இளைஞர்கள் பழைய ஃபோர்டுகளை மலிவாக வாங்கி, மட்கார்டைக் கழற்றிப் போட்டு, எஞ்சினுக்கு வலுவேற்றி, மொஹாவி பாலைவனத்தின் மியூராக், எல் மிராஜ் என்ற வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டி வேகம் பார்த்தார்கள். அந்த ஓட்டங்களை நெறிப்படுத்த 1937-இல் ஒரு சங்கம் வந்தது. 1948 ஜனவரியில் ‘ஹாட் ராட்’ இதழ் வந்தது. மறு ஆண்டு யூட்டாவின் பானவில் உப்புச் சமவெளிக்கும் ஓட்டம் பரவியது. 1950களின் இறுதியில் ஏஎம்டி போன்ற நிறுவனங்களின் கிட்கள் அந்தக் கார்களை அமெரிக்கச் சிறுவர்களின் மேசைக்குக் கொண்டுவந்தன. 1932 ஃபோர்டின் சக்கர இடைவெளி 106 அங்குலம். மாதிரியில் அது 108 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு; உள்ளங்கையில் அடங்கிவிடும்.

மற்றக் கார்களின் மாதிரிகளில் உலோகம் ஓர் ஆடம்பரம். ஹாட் ராட்டில் அது ஏறக்குறைய தேவை. காரணம் எளியது: மட்கார்டு இல்லாத காருக்கு மறைவிடம் இல்லை. முன் அச்சு, வில்தட்டு, அச்சைப் பின்னோக்கி இழுத்துப் பிடிக்கும் கொண்டையூசிக் கம்பிகள், ஸ்டியரிங் இணைப்பு, பிரேக் குழாய் எல்லாம் காருக்கு வெளியே, பார்ப்பவர் முகத்துக்கு நேரே நிற்கின்றன. நிஜக் காரில் முக்கால் அங்குலக் கம்பி என்றால் மாதிரியில் அது 0.76 மில்லிமீட்டர். இந்தப் பருமனில் பிளாஸ்டிக் கம்பியை வார்த்தால் சட்டத்திலிருந்து நறுக்கும்போதே ஒடிந்துவிடும். அதனால் கிட் தயாரிப்பாளர்கள் அதைத் தடிப்பாக வார்க்கிறார்கள். வார்ப்பச்சிலிருந்து கழன்று வருவதற்காக ஒரு சரிவு, வார்ப்பச்சின் இரு பாதிகள் கூடும் இடத்தில் ஒரு கோடு, மேலே ஒரு பூச்சுக் குரோம். கடைசியில் கம்பி, கரும்புத் துண்டாகிவிடுகிறது. 0.8 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியை வளைத்து ஈயம் வைத்துப் பொருத்தினால் இந்த வழக்கே இல்லை.

முன் அச்சு இன்னும் சுவையானது. சான் டியேகோவில் எட் ஸ்டூவர்ட் என்பவர் ஃபோர்டின் இரும்பு அச்சைப் பழுக்கக் காய்ச்சி, இரு முனைகளையும் மேலே வளைத்துக் காரைத் தாழ்த்திக் கொடுத்துப் பேர் வாங்கினார். ‘ஆக்சில்’ என்பது அவர் பெயரோடே ஒட்டிக்கொண்டது. நான்கு அங்குலத் தாழ்வு மாதிரியில் நான்கு மில்லிமீட்டர். மாதிரி செய்பவர் பித்தளைப் பட்டையை வளைத்து, மேலும் கீழும் மெல்லிய பட்டை பற்றவைத்து, இரு பக்கமும் பள்ளமுள்ள அசல் அச்சின் குறுக்குவெட்டை உருவாக்குகிறார். சூடு, வளைவு, அரம் என்று அவர் கை போகும் பாதை ஸ்டூவர்ட்டின் பட்டறையை ஒட்டியே போகிறது. இதில் பொருளும் செய்முறையும் ஒத்துப்போகின்றன. உலோக வேலைக்கு இதைவிட நல்ல சாட்சியம் எனக்குத் தெரியவில்லை.

பானெட்டின் காற்றுச் செதில்களும் இந்த வரிசையில் வரும். குளிர்பான டப்பாவின் தகடு சுமார் 0.1 மில்லிமீட்டர். அதை ஒரு மரக்கட்டையின் பள்ளத்தின் மேல் வைத்து, கூர் மழுக்கிய கருவியால் அழுத்தினால் செதில் ஒன்று எழும். கைநடுக்கம் இல்லாமல் எண்பது தடவை அழுத்த முடியுமா என்பது தனிக் கேள்வி. அங்கே பலர் பொறுமை இழப்பதை நான் குறையாகச் சொல்லமாட்டேன்.

இதுவரை உலோகத்தின் பக்கம். இனி லேத்தின் பக்கம்.

மேசைமேல் வைக்கும் சிறு லேத் வந்த பிறகு இந்தக் கலையின் முகம் மாறியது. லேத்துக்கு உருண்டையாகச் செய்யத்தான் பிடிக்கும். கப்பி, காற்றுக்குழல், சக்கர மூடி, எண்ணெய் வடிகட்டி, பெட்ரோல் தொட்டியின் மூடி எனத் திரும்பத் திரும்ப உருளைகளே பிறக்கின்றன. கருவி கையில் இருப்பதால், அது செய்யக்கூடிய பாகங்களே காரில் பெருகுகின்றன. காருக்கு எது வேண்டும் என்பது பின்னுக்குப் போய்விடுகிறது. இதைவிடப் பெரிய பிழை காலப் பிழை. 1940களின் ஹாட் ராட்டில் இருந்த அலுமினியம் பெரும்பாலும் மணலில் வார்த்தது. விக் எடல்பிராக் விற்ற துடுப்பு வைத்த சிலிண்டர் தலைகளை நினைத்துக்கொள்ளுங்கள். துடுப்புகளின் மேல்முகம்தான் பளபளக்கும். பக்கங்களும் பள்ளங்களும் வார்த்த நிலையிலேயே மங்கிச் சாம்பலாக இருக்கும். மாதிரிக்காரர் ஓர் அலுமினியத் துண்டை எடுத்து, மெல்லிய ரம்பத்தால் அரை மில்லிமீட்டருக்கு ஒன்றாகத் துடுப்பு வெட்டி, முழுவதையும் மெருகேற்றிவிடுகிறார். வேலை அபாரம். ஆனால் அந்தத் தலை 1948-இல் இல்லை. முழு அலுமினியக் கட்டியைக் குடைந்து பாகம் எடுக்கும் மோகம் 1970களிலும் 80களிலும் ஜான் பட்டேரா, பாய்ட் காடிங்டன் போன்றவர்களோடு வந்தது. வறண்ட ஏரிக் கார் ஒன்றுக்கு அந்த மினுக்கைப் பூட்டுவது, சங்ககாலத் தலைவிக்கு ஜரிகைப் பட்டு உடுத்துவது போலத்தான்.

மினுக்கைப் பற்றி இன்னொன்று. தகட்டை இருபத்தைந்தால் வகுக்கலாம். ஒளியை வகுக்க முடியாது. மணல் வார்ப்பின் சொரசொரப்பு 1/25-இல் கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சிறுத்துவிடும். எஞ்சுவது ஒரு மங்கல் மட்டும். ஆகவே மாதிரியில் அது மங்கலாகவே இருந்தாக வேண்டும். மறுபக்கம், வெட்டுளி விட்டுச்செல்லும் 0.05 மில்லிமீட்டர் கீறல் நிஜ அளவில் ஒன்றேகால் மில்லிமீட்டர் வரப்பு. ஏர் உழுத சிலிண்டர் தலை! உலோகம்தான் உலோகம் போலத் தெரியும் என்ற வாதம் இங்கே கவிழ்கிறது. அலுமினியத்தைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் சற்று நேரம் முக்கினால் மங்கிய சாம்பல் நிறம் வந்துவிடும். நல்ல வண்ணம் பூசிய பிளாஸ்டிக் துண்டும் அதே வேலையைச் செய்யும். இதைச் சொன்னால் சிலருக்கு மூக்கு நுனியில் கோபம் வரும். அசல் உலோகம் என்று காட்டுவதற்காகவே பாகத்தை வண்ணம் பூசாமல் விடுகிற வழக்கம் அதனால்தான் நிலைத்திருக்கிறது. பித்தளை மஞ்சளாக நிற்கும் முன் அச்சைப் பார்க்கும்போது செய்தவரின் உழைப்பு தெரிகிறது, கார் தெரிவதில்லை.

அளவும் முக்கியம். ஜெரால்ட் விங்குரோவ் என்ற ஆங்கிலேயக் கைவினைஞர் பழைய உயர்தரக் கார்களை உலோகத்தில் செய்து புகழ்பெற்றார். அவர் எடுத்துக்கொண்ட அளவு 1/15. அமெரிக்கரான லூயிஸ் ஷெனோ செய்த டியூசன்பர்க் கார் 1/6 அளவு. அதன் எஞ்சின் நிஜமாகவே ஓடும். 1/6-இல் ஒரு போல்ட் போல்ட்டாகவே வேலை செய்கிறது. 1/25-இல் அது வெறும் அலங்காரம். ஃபோர்டு வி-8 எஞ்சினின் பிற்காலத் தலைகளில் பக்கத்துக்கு 24 நட்டுகள். இரு பக்கமும் 48. மாதிரியில் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே இருக்கும். அவற்றை ஆறுமுகத்தோடு தனித்தனியாகச் செய்து பொருத்துபவர்கள் உண்டு. வணங்கலாம், பின்பற்ற வேண்டியதில்லை.

நடைமுறைத் தொல்லைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சாதாரண ஈயப்பற்று உருக 190 டிகிரிக்குச் சற்றுக் குறைந்த சூடு வேண்டும். பிளாஸ்டிக் 100 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். எனவே பற்றவைப்பை முடித்துவிட்டுத்தான் பாகம் காரை நெருங்கலாம். இரண்டாவது இணைப்புக்குச் சூடு வைத்தால் முதல் இணைப்பு விட்டுப்போகும். அலுமினியத்தில் சாதாரண ஈயம் ஒட்டவே ஒட்டாது. புகைக்குழாய்க்கு ஈயக் கம்பியை வளைப்பவர்கள் அதிகம். கையாலேயே வளையும், சுருங்காது. ஆனால் ஈயத்துக்கு மரப்பெட்டி ஆகாது. சில மரங்களிலிருந்து கசியும் அமில ஆவி பட்டு ஈயப் பாகம் வெள்ளைப் பொடியாகிப் போவதைக் கப்பல் மாதிரிகளைப் பாதுகாப்பவர்கள் நன்கு அறிவார்கள். பித்தளைக் குழாயை வளைப்பது கடினம்தான், ஆனாலும் நிலைக்கும்.

எனக்கு மிகவும் உறுத்துவது ‘எல்லாம் நானே செய்தது’ என்ற பெருமை. அதைத்தான் இந்தக் கலையின் உச்சமாகப் பேசுகிறார்கள். ஆனால் அசல் ஹாட் ராட்காரன் அப்படிப்பட்டவனா? அவன் காயலான் கடைக்குப் போனான். லிங்கன் காரின் பிரேக், வேறொரு ஃபோர்டின் கியர்பெட்டி, விமானப் படை கழித்துப்போட்ட இருக்கை எனக் கிடைத்ததைப் பொறுக்கினான். போர் விமானத்தின் உபரி எரிபொருள் தொட்டிக்குள் எஞ்சினை வைத்து ஏரிப் படுகையில் ஓட்டியவர் பில் பர்க். கிடைக்காததை மட்டும் ஹாட் ராட்காரன், வேறு வழியின்றி, வெட்டியும் வளைத்தும் செய்துகொண்டான். மாதிரிக்காரரின் பழைய கிட் பாகங்கள் நிறைந்த டப்பாவுக்கு இணை அந்தக் காயலான் கடைதான். அதிலிருந்து ஒரு கார்புரேட்டரை எடுத்துப் பொருத்துவதில் தாழ்வு ஏதுமில்லை. அதை விடுத்து எல்லாவற்றையும் கடைந்து தள்ளுபவர், காரைச் சிறிதாக்குகிறாரே தவிர அந்தக் காரைச் செய்தவனை மறந்துவிடுகிறார்.

ஆகவே என் பட்டியல் சிறியது. முன் அச்சு, கொண்டையூசிக் கம்பிகள், முன்கண்ணாடிச் சட்டம், செதில் வைத்த பானெட், புகைக்குழாய்: இவை உலோகத்தில் இருக்கட்டும், வண்ணம் வேண்டிய இடத்தில் வண்ணத்தோடு. சிலிண்டர் தலையை எதில் செய்தாலும் மங்க வையுங்கள். கார்புரேட்டரைப் பழைய டப்பாவிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். ஹாட் ராட்காரர்கள் மூன்று நான்காக வரிசையில் நிறுத்திய புகழ்பெற்ற ஸ்ட்ராம்பர்க் 97, 1936 முதல் 1938 வரை ஃபோர்டு தன் சாதாரணக் கார்களில் பொருத்தி அனுப்பிய கார்புரேட்டர்.